மதுரை முதல் திருநெல்வேலி வரை: நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில் 155 கிலோமீட்டர் நாளைக் கடக்கும் முறை

ஏதேனும் ஒரு நற்பணிக்கு நிதி திரட்டுவதற்காகக் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வரும் குழுக்கள், பெரும்பாலும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தே தெற்கே இறங்குகின்றன. ஸ்ரீநகரிலிருந்து குமரிமுனை வரை ஏறத்தாழ 3,700 கி.மீ.; நாளொன்றுக்கு 120 அல்லது 130 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதப் பயணம். கடைசிக்கு முந்தைய நாள் மதுரையில் விடிகிறது. மறுநாள் திருநெல்வேலியிலிருந்து குமரிக்கு 85 கி.மீ. மட்டுமே என்பதால், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலான இந்த 155 கி.மீ. தான் குழுவின் கடைசி நீண்ட நாள். மனம் அதற்குள் முக்கடல் கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உடல் திருமங்கலம்கூடத் தாண்டியிருக்காது. இச்சாலையில் மூன்று முறை குழுவோடு வந்திருக்கிறேன். அவற்றில் இரண்டு முறை எல்லாருக்கும் பின்னால் வரும் கடைசி ஆளாக. அந்த இடத்திலிருந்து பார்த்ததை வைத்தே, இந்த ஒரு நாளை எப்படிக் கடப்பது என்று எழுதுகிறேன்.

நேரத்தைத் தின்பது நிறுத்தங்கள்

நீண்ட நாளைத் திட்டமிட உட்காரும் எவரும் முதலில் கேட்பது, மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் போக வேண்டும் என்பதே. அதைவிட முக்கியமான கேள்வி, எத்தனை முறை நிற்கப் போகிறோம் என்பது. பன்னிரண்டு பேர் கொண்ட குழு மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓட்டினால், 155 கி.மீ. தூரத்துக்கு 7 மணி 45 நிமிடம் பெடல் சுற்ற வேண்டும். வேகத்தை 22 ஆக உயர்த்தினால் 42 நிமிடம் மிச்சமாகும். ஆனால் அதற்கு நாள் முழுவதும் குழுவில் பாதிப் பேர் மூச்சு வாங்க வேண்டியிருக்கும். அதே பன்னிரண்டு பேரும் தண்ணீருக்கு, செருப்பு வார் சரிசெய்ய, வீட்டுக்குப் பேச என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் தனித்தனியாக நின்றால் ஒரு மணி நேரம் போய்விடும். எவருக்கும் ஓய்வு கிடைத்திருக்காது; எல்லாரும் எரிச்சலடைந்திருப்பார்கள். ஆகவே திட்டத்தை நிறுத்தங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும்.

டிசம்பர் மாதத்துக்கு எங்களுக்குப் பொருந்திய கணக்கு இது. மதுரையில் காலை 5.30 மணிக்குப் புறப்பாடு. ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள விருதுநகரில் 8.00 மணிக்குக் காலை உணவு, அரை மணி நேரம். அங்கிருந்து 25 கி.மீ. சாத்தூர், 9.45 மணிக்கு வைப்பாற்றுப் பாலத்தை ஒட்டிப் பத்து நிமிடம், தண்ணீருக்கு மட்டும். அடுத்த 25 கி.மீ. முடிந்து 11.10 மணிக்குக் கோவில்பட்டி. வரவேற்பு, மதிய உணவு, சிறு படுக்கை எல்லாம் சேர்த்து 12.45 வரை. பின்னர் 2.00 மணிக்குக் கயத்தாறு, இருபது நிமிடம். மீதி 30 கி.மீ. ஓட்டினால் 3.50 மணிக்குத் திருநெல்வேலி. ஆறு மணியளவில் இருட்டத் தொடங்கும் மாதத்தில் இக்கணக்கு இரண்டு மணி நேரத்தைக் கையிருப்பாக விட்டுவைக்கிறது. பஞ்சரும் மழையும் அந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுக்கும். வேறு எவரும் அதிலிருந்து எடுக்க விடக் கூடாது.

இந்த நான்கு இடங்களுக்கு வெளியே குழு முழுவதும் நிற்பதில்லை என்பதை முதல் நாள் இரவே சொல்லிவிட வேண்டும். ஒருவருக்குச் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்து நிறுத்த நேர்ந்தால், அந்த நிறுத்தத்திலேயே எல்லாரும் அவரவர் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். குழுவில் பெண்கள் இருந்தால், தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை எந்தெந்த பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது என்று துணை வாகன ஓட்டுநர் முன்னரே சென்று பார்த்துவைப்பது அவசியம். ஆண்கள் போடும் திட்டங்களில் விடுபடுவது பெரும்பாலும் இதுவே. கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமலே ஓட்டிய பெண்கள் பிற்பகலில் தலைவலியோடு வேனில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

முந்தைய இரவு

புறப்படும் காலையில் எந்த வேலையும் மிச்சம் இருக்கக் கூடாது. செயினைத் துணியால் துடைத்து, இணைப்புக்கு ஒரு சொட்டு வீதம் எண்ணெய் விட்டு, வெளியே வழிந்ததை மீண்டும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் மிகுந்த செயின், சாலைப் புழுதியைச் சேர்த்துக்கொண்டு அரைக்கத் தொடங்கும். டயர் காற்றை அளந்து அடைக்க வேண்டும். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் 70 முதல் 80 பி.எஸ்.ஐ. போதுமானது, கல்லைப் போல இறுக்கினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையால் கூடுவது கை மரப்புத்தான். பிரேக் கட்டைகளையும், சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி எதுவும் தளர்ந்திருக்கிறதா என்பதையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, கைப்பேசி மூன்றையும் இரவே சார்ஜ் போட்டுவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு டியூப், ஒரு டயர் நெம்பி, இருவருக்கு ஒரு பம்ப் என்பது குறைந்தபட்சம்.

மதுரையில் இரவுச் சாப்பாட்டுக்குக் கறிதோசை தேடிப் போக வேண்டாம் என்று சொன்னால் எவரும் கேட்கப் போவதில்லை. எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

விடியலுக்கு முன்

டிசம்பரில் இப்பகுதியில் பொழுது புலர ஆறேகால், ஆறரை ஆகிவிடும். எனவே முதல் ஒரு மணி நேரம் இருட்டில்தான் ஓட்ட வேண்டும். நகரத்தைக் கடந்து கப்பலூர் சுங்கச்சாவடி வரும் வரை தெரு விளக்குகளும் கடைகளும் துணையிருக்கும். அதன் பின்னர் வருவதுதான் ஆபத்தான பகுதி. நான்குவழிச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஓடும் லாரியைவிட, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே விளக்கில்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் லாரியே கொடிய எதிரி. ஓட்டுநர் உறங்கிக்கொண்டிருப்பார், வண்டியின் பின்புறம் சேறு படிந்து பிரதிபலிப்பு ஒட்டிகள் மறைந்திருக்கும். முன் விளக்கின் ஒளி எவ்வளவு தூரம் விழுகிறதோ அதற்குள் நிறுத்த முடிகிற வேகத்துக்கு மேல் எவரும் போகக் கூடாது. முன்னால் செல்பவர் நிற்கும் லாரியைக் கண்டதும் “வண்டி!” என்று உரக்கக் குரல் கொடுத்து, வலப்புறம் கை காட்டி, பின்னால் பார்த்துவிட்டே விலக வேண்டும்.

ஊர்களை ஒட்டிய இடங்களில் அடுத்த திருப்பம் தொலைவு என்பதால் இருசக்கர வாகனங்கள் சாலை ஓரத்திலேயே எதிர்த்திசையில் வரும். அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை. வேகத்தைக் குறைத்து, இடப்புறமே ஒட்டி நின்று அவர்களை வலப்புறமாகப் போகவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் திருச்செந்தூருக்குப் பச்சை உடுத்தி நடந்து செல்லும் பக்தர்கள் விடியலுக்கு முன்னரே சாலையோரத்தில் இருப்பார்கள். முருகன் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கும்போது சைக்கிள் மணி அவர்கள் காதில் விழாது என்பதால், இருபதடி தள்ளியே “சாமி, வழி” என்று குரல் கொடுப்பது நல்லது.

பெரிய பேருந்து ஒன்று நெருக்கமாகக் கடந்து செல்லும்போது நேர்வதையும் புதியவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். முதலில் காற்று இடப்புறமாகத் தள்ளும். பேருந்தின் பின்பகுதி கடக்கும் நொடியில் அதே காற்று வலப்புறமாக இழுக்கும். தள்ளுதலை எதிர்த்து வலப்புறம் சாய்ந்தவர், இழுப்பு வரும்போது சாலைக்குள் போய்விடுவார். கையைத் தளர்த்திப் பிடித்து, முழங்கையைச் சற்று மடித்து, நேராக ஓட்டிக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

வரிசை அமைக்கும் விதம்

பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையாகப் போவதைவிட ஆறு ஆறு பேராகப் பிரிந்து, இரு வரிசைகளுக்கும் நடுவே முந்நூறு மீட்டர் இடைவெளி விட்டுச் செல்வது நல்லது. மணிக்கு 20 கி.மீ. வேகத்திலேயே ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்குப் போகிறது. ஒருவர் பின்னால் நெருங்கிச் செல்பவருக்கு அந்த உழைப்பு கணிசமாகக் குறையும். பழகியவர்கள் முன் சக்கரத்துக்கு அரை மீட்டர் இடைவெளியில் செல்வார்கள். ஆனால் நன்கொடைப் பயணத்தில் வருபவர்களில் பலர் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டு ஆறு மாதம் மட்டும் பயிற்சி எடுத்தவர்கள். அவர்களுக்கு ஒரு சைக்கிள் நீளமே பாதுகாப்பு. முன்னால் செல்பவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன் சக்கரம் ஒருபோதும் போகக் கூடாது. அவர் ஓரடி நகர்ந்தால் விழப்போவது நீங்கள்தான்.

குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவரைக் கடைசியில் விடுவது எல்லாரும் செய்யும் தவறு. முன்னால் செல்பவர் மேம்பாலத்தில் ஏறும்போது வரிசை சுருங்குகிறது; இறங்கும்போது நீள்கிறது. அந்த நீட்சி முழுவதையும் ஓடிப் பிடிக்க வேண்டியவர் கடைசியில் இருப்பவர். ஏற்கெனவே களைத்தவருக்கு நாள் முழுவதும் இந்தத் துரத்தலும் சேர்ந்துகொள்ளும். அவரை இரண்டாவது இடத்தில், வலுவானவர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, அவருக்குப் பேச்சு வருகிற அளவுக்கு முன்னவர் ஓட்ட வேண்டும். பேச்சு நின்றுவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். முன்னால் காற்றைத் தாங்குபவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். மெதுவானவருக்கு அந்த முறை வரவே தேவையில்லை. கடைசி ஆளாக வருபவர், பஞ்சர் ஒட்டத் தெரிந்த, அவசரப்படாத ஒருவராக இருக்க வேண்டும்.

இந்தப் பாதையில் மலை ஏற்றம் எதுவும் இல்லை, மேம்பாலங்கள்தாம் ஏற்றம். அதைக் கேட்டு மகிழ்பவர்கள் சமதளத்தின் தொல்லையை அறியாதவர்கள். ஏற்றம் இருந்தால் எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் காலை ஓய்வாக வைப்போம்; சமதளத்தில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே கோணத்தில் மிதித்துக்கொண்டே இருக்கிறோம். ஆகவே கால் மணிக்கு ஒருமுறை, தேவை தோன்றாவிட்டாலும், இருபது மிதிக்கு எழுந்து நிற்க வேண்டும். ஹேண்டில் பாரில் கையின் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவது, உள்ளங்கையின் அடிப்பகுதியில் நரம்பு அழுந்துவதன் அடையாளம். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதை விட்டு, நிமிடத்துக்கு 80 சுற்றை ஒட்டி இலகுவாகச் சுற்றினால் முழங்கால் மறுநாளும் உதவும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை அணியக் கூடாது என்று இருபத்தெட்டாவது நாளிலும் சொல்ல வேண்டியிருப்பதுதான் வியப்பு.

முள்

விருதுநகர் தாண்டியதும் இருபுறமும் கரிசல் நிலம் விரியத் தொடங்கும். கூடவே சீமைக் கருவேலமும் வரும். சாலைப் பணியாளர்கள் ஓரத்துப் புதரை வெட்டிப் போட்ட சில நாள்களுக்கு, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள தார்ப்பகுதி முழுவதும் முள்ளாக இருக்கும். இன்னொரு தொல்லை, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிக் கிடக்கும் முடியளவு எஃகுக் கம்பி. இவ்விரண்டையும் ஓட்டிக்கொண்டே கண்டுபிடிப்பது இயலாத செயல். வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓட்டினால், வாகனங்களின் காற்று கூட்டித் தள்ளிய தூய்மையான பகுதி ஓரளவு கிடைக்கும்.

முதல் முறை வந்தபோது சாத்தூருக்குச் சற்று முன்னால் என் பின் டயரில் காற்று இறங்கியது. பழைய டியூபைக் கழற்றிப் புதியதைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்ற பெருமையோடு கிளம்பினேன், இரண்டு கி.மீ. போவதற்குள் மீண்டும் இறங்கியது. முள்ளின் நுனி ரப்பருக்குள் ஒடிந்து நின்றிருந்ததை நான் பார்க்கவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பு ரப்பரில் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவே. இரண்டாவது டியூபும் போனபின், ஒரு டீக்கடைப் பெரியவர் டயரை வாங்கி, உள்பக்கத்தில் பஞ்சுத் துண்டு ஒன்றைச் சுற்றிவரத் தேய்த்தார். பஞ்சின் இழை ஓரிடத்தில் சிக்கி நின்றது. அந்த இடத்தை மடக்கிப் பிடித்து, ஊக்கின் முனையால் வெளியே தள்ளியபோது வந்தது நெல்மணியில் பாதியளவு.

அன்று முதல் எங்கள் குழுவில் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: பஞ்சரானால் டயரைக் கழற்றும் முன் சக்கரத்தில் காற்றுத் திறப்பு இருக்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், டியூபில் ஓட்டை எங்கே என்று கண்டால், டயரில் முள் எங்கே என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். முள்ளை எடுக்காமல் புது டியூப் பையிலிருந்து வெளியே வரக் கூடாது. பஞ்சரானவரோடு கடைசி ஆள் மட்டும் நிற்பார். மற்றவர்கள் அடுத்த நிறுத்தத்துக்குச் சென்று காத்திருப்பார்கள். பன்னிரண்டு பேர் சுற்றி நின்று யோசனை சொல்வதால் எந்தப் பஞ்சரும் விரைவில் ஒட்டப்பட்டதில்லை.

தை பிறந்தால் அணுகுசாலைகளில் வேறொரு காட்சி. அறுவடையான தானியத்தையும் பயறுச் செடிகளையும் தாரில் பரப்பி உலர்த்தியிருப்பார்கள். வண்டிகள் ஏறிச் செல்வதே கதிரடிப்பாகிவிடும். அதன்மேல் சைக்கிளை ஓட்டினால் தண்டுகள் செயினிலும் பல்சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். இறங்கி நூறடி தள்ளிக்கொண்டு போவது, அரை மணி நேரம் உட்கார்ந்து தண்டைப் பிய்ப்பதைவிட மேல்.

உணவும் தண்ணீரும்

பசித்த பின் உண்பதும் தாகம் எடுத்த பின் குடிப்பதும் வீட்டில் இருப்பவர்களுக்குச் சரி. நீண்ட நாள் ஓட்டத்தில், முதல் ஒரு மணி நேரம் கழிந்ததிலிருந்து மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பெரிய பச்சை வாழைப்பழமும் நான்கைந்து பேரீச்சம்பழமும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கான அளவு. விருதுநகரில் இட்லியும் ரவா உப்புமாவும் நலம். நெய் வழியும் பொங்கல் சாத்தூருக்குள் கண்ணைச் செருக வைக்கும். அந்த ஊரின் எண்ணெய்ப் பரோட்டாவை உண்ண ஆசைப்படுபவர்கள், பயணம் முடிந்து ரயிலில் திரும்பும்போது இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்காமல் யாரும் வரப்போவதில்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாய், ஓட்டத்துக்கும் ஏற்ற உணவு. வெல்லம் உடனே உதவும். கடலையின் கொழுப்பும் புரதமும் மெதுவாகச் செரித்துப் பசியைத் தள்ளி வைக்கும். ஒரே ஒரு குறை, ஓட்டிக்கொண்டே மென்றால் துகள் தொண்டையில் சிக்கும். நிற்கும்போது தின்றுவிட்டுக் கிளம்புவதே முறை. மதிய உணவாகத் தயிர்சாதம், ஊறுகாய், ஒரு வாழைப்பழம் போதும். இலை போட்டுப் பாயசம் வரை சென்றவர்களைக் கயத்தாற்றில் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தண்ணீர், டிசம்பரில் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை. வெறுந்தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் போன உப்பு திரும்பாமல் இரத்தத்தில் சோடியம் குறைந்தால் குமட்டல், தலைவலி, விரல் வீக்கம், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். உப்புக் கரைசல் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் வாய்ப்பாட்டின்படி என்று அச்சிட்ட பொட்டலத்தைப் பார்த்து வாங்கி, ஒரு லிட்டருக்கானதை ஒரு லிட்டரிலேயே கலக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரைவிட மேலானதை நான் இந்தச் சாலையில் கண்டதில்லை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அதோடு உப்பிட்ட கடலையையும் கொஞ்சம் தின்னலாம். காலையிலிருந்து மதியம் வரை ஒருவர் சிறுநீரே கழிக்கவில்லையென்றால் அவர் போதுமான அளவு குடிக்கவில்லை. கடைசி ஆள் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

மார்ச் முதல் மே வரை பயணம் அமைந்துவிட்டால் மேற்சொன்ன நேரக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். அதிகாலை 4.00 மணிக்குக் கிளம்பிக் கோவில்பட்டியை 10.00 மணிக்குள் அடைந்து, மாலை 4.00 மணி வரை நிழலில் படுத்துவிட்டு, மீதியை ஓட்டலாம். அல்லது நாளையே இரண்டாகப் பிரிக்கலாம். வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறி, சொன்னது புரியாமல் விழித்தால் அது சாதாரணக் களைப்பு அன்று. உடனே நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் குளிர்ந்த நீர் வைத்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்ணும் உண்டு. அழைக்கும்போது இடம் சொல்லத் தெரிய வேண்டும் என்பதால், கடந்து வந்த கடைசிக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் கடைசி ஆள் எப்போதும் நினைவில் வைத்திருப்பது வழக்கமாக வேண்டும்.

வரவேற்பு

நற்பணிக்காக ஓட்டுவதற்கும் வெறுமனே ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாடு கோவில்பட்டியில் தெரியும். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பொன்னாடை, மாலை, தலைமை ஆசிரியரின் உரை, நகரப் பிரமுகரின் உரை, வடை, கேசரி, காபி. அந்த அன்பை மறுப்பது முறையன்று. அதற்குள் மூழ்கிவிட்டால் இருட்டில் திருநெல்வேலி சேர வேண்டியிருக்கும். ஒரு வாரம் முன்னரே அழைத்துப் பேசி, நாற்பது நிமிடத்துக்கு மேல் இருக்க இயலாது என்பதையும், குழுவின் சார்பில் ஒருவர் மட்டும் ஐந்து நிமிடம் பேசுவார் என்பதையும் தெரிவித்துவிட வேண்டும். “பொழுது சாய்வதற்குள் ஊர் சேர வேண்டும், ஐயா” என்று சொன்னால் யாரும் வருந்துவதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் எவருக்கும் அவர்களே சொல்லும் சொல்தான் அது. பிள்ளைகளோடு செலவழிக்கும் பத்து நிமிடத்தை மட்டும் குறைக்க வேண்டாம். கியர் எப்படி மாறுகிறது என்று ஒரு சிறுவன் கேட்டால், பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து அவனையே மிதிக்கச் சொல்லிக் காட்டுங்கள்.

வழியில் பணம் கொடுக்க வருபவர்களுக்கு, துணை வேனில் ஒட்டிய க்யூ.ஆர். குறியீட்டைக் காட்டுவதே நல்லது. ரொக்கமாகத்தான் தருவேன் என்று முதியவர் ஒருவர் வற்புறுத்தினால், வாங்கி, அவர் கண்முன்னே குறிப்பேட்டில் எழுதி, இருவர் கையொப்பமிட்டு, ரசீது கொடுத்துவிட வேண்டும். சைக்கிள் ஓட்டுபவர் எவர் சட்டைப்பையிலும் நன்கொடைப் பணம் இருக்கக் கூடாது. வியர்வையில் நனைந்த நூறு ரூபாய்த் தாள்களை இரவில் மின்விசிறியின் கீழ் உலர்த்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

கோவில்பட்டிக்குப் பின்

சாப்பாட்டுக்குப் பின் வரும் முதல் அரை மணி நேரம்தான் இந்த நாளின் மிகக் கடினமான பகுதி. கால் கல்லாகியிருக்கும், கண் இழுக்கும், 55 கி.மீ. மிச்சம் என்ற எண்ணம் கனக்கும். முதல் ஐந்து கி.மீ. மிக இலகுவான கியரில், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் உடல் தானே வழிக்கு வரும். முழுத் தொலைவைக் கணக்கிடாமல் கயத்தாறு வரை என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

கயத்தாற்றை நெருங்கும்போது காற்றாலைகள் தென்படும். அவை காற்று எங்கிருந்து வருகிறது என்பதை இலவசமாகச் சொல்லும் கருவிகள். இறக்கைகளின் முகம் எத்திசையைப் பார்க்கிறதோ அத்திசையிலிருந்தே காற்று வருகிறது. வடகிழக்குப் பருவத்தில் அது பெரும்பாலும் முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளும். வடக்கிலிருந்து தெற்கே வரும் குழுக்கள் இம்மாதங்களைத் தேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே பாய்ந்து வரும் காற்று வலப்புறத்திலிருந்து அறையும். அப்போது நேர்ப்பின்னால் செல்வதில் மறைவு கிடைக்காது. சாலையோரம் இடமளித்தால் சற்று இடப்புறம் தள்ளிச் செல்லலாம், இல்லாவிட்டால் இடைவெளியைக் கூட்டித் தனித்தனியே போராடுவதே பாதுகாப்பு. பேருந்து ஒன்று காற்றை மறைத்துவிட்டு விலகும்போது சைக்கிள் துள்ளும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

கயத்தாற்றில் குழுவினர் படம் எடுத்துக்கொள்ள விரும்புவார்கள். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் அது, நினைவுமண்டபமும் உண்டு. இருபது நிமிடத்தைத் திட்டத்தில் வைத்ததே அதற்காகத்தான். அங்கே இறங்கும்போது ஒவ்வொருவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். சிரிப்பவரையும் திட்டுபவரையும் விட்டுவிடலாம். எதுவும் பேசாமல் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்பவரிடம் போய், ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, தின்று முடிக்கும் வரை கூட நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்குப் பின்னும் தெளியாவிட்டால் அவரை வேனில் ஏற்றிவிடலாம். மீதி 30 கி.மீ. அவர் ஓட்டவில்லை என்பதற்காக நன்கொடையாளர் எவரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை. மறுநாள் குமரிக்கு அவர் ஓட்டி வருவதே குழுவுக்கு வேண்டியது.

கங்கைகொண்டான் கடந்து தாழையூத்து வந்ததும் புறவழிச்சாலையை விட்டு நகருக்குள் செல்லும் பழைய சாலையில் பிரிய வேண்டும். வேகமும் கவனமும் தளர்ந்து, ஊர் வந்துவிட்டது என்ற நினைப்பில் இருக்கும் இந்தக் கடைசி எட்டுப் பத்து கி.மீ. தூரத்தில்தான் ஆட்டோக்களும் நகரப் பேருந்துகளும் குறுக்கிடும் போக்குவரத்து தொடங்குகிறது. இரு வரிசைகளும் பிரியும் இடத்திலேயே நின்று ஒன்று சேர்ந்து, துணை வேன் பின்னால் வர, ஒருவர் பின் ஒருவராக நகருக்குள் நுழைவது நலம்.

தங்குமிடம் சேர்ந்ததும் அறைச் சாவிக்கு முன்னால் ஆள்களை எண்ணுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஒரு டம்ளர் பாலும் ஏதேனும் சிற்றுண்டியும் உள்ளே போகட்டும். ஈரக் கால்சட்டையோடு கட்டிலில் விழுந்தவர், மறுநாள் 85 கி.மீ. தூரத்தையும் நின்றுகொண்டே ஓட்ட நேரும். உடனே குளித்து, அதைத் துவைத்து, பிழிந்து, மின்விசிறிக்கு நேராகப் போட்டுவிட வேண்டும். டயர்களை விரலால் தடவி, பகலில் ஏறிக் காற்று இறக்காமல் நிற்கும் முள் ஏதேனும் இருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள். காலையில் காற்றில்லாமல் கிடக்கும் சக்கரத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அதன் பிறகு அல்வா வாங்கக் கிளம்பலாம். கடை வரை நடந்தே போங்கள், காலுக்கும் நல்லது.